நான்காம் இயலுக்கு ஒரு திருத்தம்

நாள்: 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16, சனிக்கிழமை.
நேரம்: மாலை 5 மணி 20 நிமிடம்.

பல்கலைக்கழகத்தின் ஆசியவியல் மற்றும் பண்பாட்டுப் புரிந்துணர்வு மையம், பன்னிரண்டாம் ஆண்டு விழா: நான் ஆற்றிய உரை, பேசியது பேசியபடி.

அவைக்குத் தலைமை தாங்குவதோடு என் பேச்சின் நீளத்தையும் தாங்க முன்வந்திருக்கும் மைய இயக்குநர் அவர்களே! பன்மொழி பயின்று, அவற்றுள் எம்மொழியிலும் சுருக்கமாகப் பேசப் பழகாத பேராசிரியப் பெருமக்களே! கடல் கடந்து வந்து எங்கள் கதவைத் தட்டிய ஆய்வாளர்களே! முழங்கால் வலியோடும் மூக்குக் கண்ணாடியோடும் என்னைப்போலவே முன்வரிசை தேடி வந்திருக்கும் மூத்தோரே! மடியில் பிள்ளையையும் மனத்தில் பொறுமையையும் ஏந்தி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இந்த ஒலிவாங்கியை என் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்து, என் உயரம் எவ்வளவு என்பதை அவைக்கு அறிவித்த தொழில்நுட்பத் தோழரே! அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

அனைவரையும் என்றா சொன்னேன்? ஒருவரை விட்டுவிட்டேன். முன்வரிசையில் இடப்பக்கத்திலிருந்து மூன்றாம் நாற்காலி. அங்கே அமர்ந்திருப்பவர் என் உடன்பிறந்த அக்கா. தையற்பள்ளி நடத்துபவர். நானும் அவரும் ஒரே வீட்டில் வசிக்கிறோம்; ஒரே மேசையில் உண்கிறோம்; ஒரே குழாயில் நீர் பிடிக்கிறோம். ஆனால் 2010ஆம் ஆண்டு ஜூன் 30, புதன்கிழமை மாலை தொட்டு இன்றுவரை, ஒன்பது ஆண்டு, நான்கு மாதம், பதினேழு நாள், நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்து நேராக ஒரு சொல் பேசியதில்லை.

அந்த மௌனம் இந்த மையத்தின் ஆய்வேட்டில் நான்காம் இயலாக அமர்ந்திருக்கிறது. அடுத்த பருவத்தில் அது பாடமாக ஏறப்போகிறது. அந்த இயல் தவறானது. அதற்குரிய திருத்தச் சீட்டு இதோ, என் சட்டைப் பையில். ஒரு கையெழுத்து இருக்கிறது; ஒன்று இல்லை. சீட்டை ஒப்படைக்கும் கெடுவான இன்று மாலை ஆறு மணிக்குள் இரண்டாம் கையெழுத்து விழாவிட்டால், அதோ அந்தத் தூணருகே குறிப்பேட்டோடு நிற்கிறாரே ஓர் ஆய்வாளர், அவருடைய வாழ்வில் ஓராண்டு வீணாகும்.

அழைப்பிதழில் என் தலைப்பை ‘எங்கள் இல்லத்து மரபு’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அழகான தலைப்பு. அடியோடு பொய்யான தலைப்பு!

முதலில் இந்த மையத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. வாழ்த்தாமல் வசை பாடினால் வாசலில் தேநீர் கிடைக்காது. ஆசியா எனும் அகன்ற கண்டத்தை மூன்று அறைகளுக்குள் அடக்கிய ஆற்றல் வேறு யாருக்கு வரும்? நூலகத்தில் ‘அண்டை நாடுகள்’ என்று பெயர் பொறித்த அடுக்கு எங்கே இருக்கிறது? உச்சியில்! ஏணி வைத்தால்தான் அண்டை வீட்டாரை எட்ட முடியும். தேநீர்க் கூடத்தில் ‘வரிசையில் நிற்கவும்’ என்று ஏழு மொழிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழு மொழியினரும் ஒற்றுமையாக முண்டியடிக்கிறார்கள். பண்பாட்டுப் புரிந்துணர்வு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இயக்குநர் சிரிக்கிறார், தேநீர் உறுதி.

இனி வழக்குக்கு வருகிறேன்.

2018ஆம் ஆண்டு ஜனவரி 8, திங்கட்கிழமை காலை 9.40க்கு அந்த ஆய்வாளர் எங்கள் வீட்டு மாடியறைக்குக் குடிவந்தார். முதியோர் வாழும் இல்லங்களில் உரையாடல் எவ்வாறு நிகழ்கிறது என்பது அவர் ஆய்வு. தமிழை ஏட்டில் கற்று வந்தவர். எங்கள் வீட்டில் காதால் கற்றார். எந்நேரமும் கையில் குறிப்பேடு. அக்கா அவருக்கு ‘நோட்டுப்பொண்ணு’ என்று பெயர் வைத்தார். எனக்கு வைத்த பெயர் ‘காலண்டர்’. முப்பத்து நான்கு ஆண்டுகள் தேர்வுப் பிரிவில் தேதிகளோடு குடித்தனம் நடத்தியவனுக்கு வேறென்ன பெயர் வரும்?

நோட்டுப்பொண்ணு எங்கள் வீட்டில் என்ன கண்டார்? காலை ஏழு மணி. அக்கா தேநீரை மேசையில் வைத்துவிட்டு, ஃபிரிட்ஜைப் பார்த்துப் பேசுவார். மன்னிக்க வேண்டும், தமிழறிஞர்களே! குளிர்பதனப் பெட்டி என்று நான் சொன்னால், எதைப் பார்த்துப் பேசினோம் என்பது அக்காவுக்கே விளங்காது.

“டீ ஆறிட்டிருக்கு. குடிக்கிறவங்க குடிக்கலாம்.”

இது ஃபிரிட்ஜுக்கு. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வேன்:

“மணி ஏழு பத்து. டீ ஏழு மணிக்குன்னு யாரோ சொன்னதா ஞாபகம்.”

ஃபிரிட்ஜுக்கு மறுமொழி போகும்: “காலண்டருக்குப் பசிச்சா காலண்டரே அடுப்பு பத்த வைக்கட்டும்.”

பொருள்கள் போதாத பெருஞ்செய்திகளுக்கு மருமகள் இருந்தாள். என் மருமகள் அஞ்சல் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள். பகலெல்லாம் அலுவலகத்தில் அந்த வேலை. மாலையில் வீட்டுக்கு வந்தால் ஊதியமில்லாமல் அதே வேலை! அக்காவை அவள் அத்தை என்பாள். எங்களுக்கு நடுவே நின்று சொல்வாள்:

“மாமா, அத்தை சொல்றாங்க, குழாய் ஒழுகுதாம், ஆளைக் கூப்பிடணுமாம். அதுக்கு மேல ஒண்ணு சொன்னாங்க. அதை நான் சொல்லமாட்டேன்.”

“ஏம்மா?”

“உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கு மாமா.”

ஆய்வாளர் என்ன எழுதினார் தெரியுமா? படிக்கிறேன், கேளுங்கள். ‘இச்சமூகத்தில் அறுபது வயதைக் கடந்த உடன்பிறந்தார் நேர்முகமாக விளித்துக் கொள்வதில்லை. வீட்டுப் பொருள்களின் வழியாகவோ, இளைய பெண்ணொருத்தியின் வழியாகவோ பேசுவதே உயர்ந்த மரியாதை. இடைநிற்பவர் செய்தியைச் செம்மைப்படுத்தி ஒப்படைக்கிறார்.’ கூடவே ஒரு படம்: இரண்டு வட்டம், ஒரு சதுரம், ஆறு அம்புக்குறி. அந்தச் சதுரம் எங்கள் ஃபிரிட்ஜ்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர் கண்டதில் பிழையுண்டா? இல்லை. கேட்டதில் பிழையுண்டா? இல்லை. எழுதியதில் ஒரு சொல், ஒரு நிமிடம், ஓர் அம்புக்குறி பிசகியதுண்டா? இல்லவே இல்லை! பிழை எங்கே இருந்தது? பொறுங்கள், அதற்குத்தான் வருகிறேன்.

எங்கள் பிணக்கு எங்கே பிறந்தது? மேடையில் பிறந்தது. 2010 ஜூன் 30, நான் பணி நிறைவு பெற்ற நாள். இதே பல்கலைக்கழகத்தின் கீழ்த்தளக் கூடம். அக்கா தம் தையற்பள்ளி மாணவிகள் இருபத்திரண்டு பேரோடு வந்து, பெருமை பொங்க அமர்ந்திருந்தார். எனக்கு அன்று அறுபது. என் அக்காவுக்கோ, அந்த மாணவிகளின் நம்பிக்கைப்படி, என்னைவிட இரண்டு வயது குறைவு! அக்கா தம்பிக்கு இளையவர். அறிவியல் அறியாத அதிசயம். அதனால் யாருக்கென்ன தீங்கு? ஒருவருக்கும் இல்லை. நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். ‘எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்த என் அக்கா’ என்று தொடங்கி, அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? பிறந்த ஆண்டு, திங்கள், நாள், நாழிகை, அனைத்தையும் அவை முன் ஒப்பித்தேன். ஆவணப்படி திருத்துகிறேன் என்று அடிக்குறிப்பும் சேர்த்தேன்.

என்ன கேட்கிறீர்கள், பின்வரிசைப் பெரியவரே? அக்காவுக்கு எத்தனை வயதா? ஐயா, உமக்கும் எனக்கும் முன்பகை ஏதும் உண்டா? இந்தக் கதையைச் சொல்வதற்கே மருமகள் வழியாக அனுமதி கேட்டேன். வந்த விடை இது: “பேசட்டும். ஆனா வாயில ஒரு எண் வரக்கூடாது. வந்தா எழுந்து போயிடுவேன்.” ஆகவே நீர் அமரும்.

அன்று இருபத்திரண்டு மாணவிகளும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். வீட்டுக்கு வந்து நான் பேசினேன். அவர் சுவரைப் பார்த்தார். மறுநாள் நானும் வீம்பு பிடித்தேன். என் வாதம் என்ன? ‘சொன்ன தேதி சரிதானே! சரியானதைச் சொன்னவன் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்?’ இந்த ஒரே வாதத்தை ஒன்பதாண்டு காலம் ஊறுபடாமல் காப்பாற்றினேன். இதைத் தொட்டிலில் போட்டு ஆட்டாத குறைதான்.

அந்த நான்காம் இயல் இப்படியே இருந்தால் யாருக்கு நட்டம் என்றுதான் நானும் வாளாவிருந்தேன். சென்ற மாதம் 13ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை வந்தது. இந்த மையத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர் இருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இயலைக் கையெழுத்துப் படியிலேயே கரைத்துக் குடித்தவர்கள். கதவைத் திறந்தவர் அக்கா. இருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் மரியாதைக் குறைவல்லவா? நேரே சமையலறைக்குப் போனார்கள். ஃபிரிட்ஜின் முன் நின்றார்கள். குனிந்தார்கள்.

“அம்மாவுக்கு எங்க வணக்கத்தைச் சொல்லிடுங்க.”

ஃபிரிட்ஜ் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா சொன்னார்:

“ஏம்பா, நான் இங்க நிக்கிறேன். ரெண்டு பேருக்கும் பார்வையில ஏதாவது கோளாறா?”

இருவரும் ஓரடி பின்வாங்கினார்கள். ஒருவர் மெல்ல என் மருமகளிடம் கேட்டார்: “அக்கா, பெரியவங்க எங்ககிட்ட நேரா பேசிட்டாங்க. கோபமா?”

அன்று அக்கா சிரித்தார் என்று மருமகள் சொன்னாள். சிரித்து முடித்துவிட்டு மேசையருகே நெடுநேரம் தனியாக உட்கார்ந்திருந்தார் என்பதையும் சொன்னாள்.

நான் மறுநாளே மையத்துக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இருபத்தாறு நாள் தயங்கினேன். நவம்பர் 8, வெள்ளிக்கிழமை காலை 11 மணி, இரண்டாம் மாடி, ஆய்வாளரின் அறை. மேசையெங்கும் தாள், நாற்காலியில் நூல், உட்கார இடமில்லை. நின்றபடியே சொன்னேன்.

“என்ன ஐயா, ஏதாவது தேதி தப்பா எழுதிட்டேனா?”

“தேதியெல்லாம் சரிம்மா. காரணம்தான் தப்பு. அது மரியாதை இல்லை. சண்டை.”

அவர் சிரிக்கவுமில்லை, சினக்கவுமில்லை. பழைய குறிப்பேடு ஒன்றை எடுத்தார். புரட்டினார். படித்தார்.

“2018, மார்ச் பதினேழு, சனிக்கிழமை. உங்களைக் கேட்டேன், ‘நீங்களும் அம்மாவும் ஏன் நேரா பேசிக்கிறதில்ல?’ நீங்க சொன்னீங்க, ‘எங்க பக்கம் அப்படித்தான்மா, வயசானா ஒரு மரியாதை.’ சொன்னீங்களா ஐயா?”

“சொன்னேன்.”

“மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நீங்க வெளிய போயிருந்தீங்க. அம்மாவைத் தனியா கேட்டேன். அவங்க சொன்னாங்க, ‘எங்க பக்கம் அப்படித்தான்மா, வயசானா ஒரு மரியாதை.’ ஒரு வார்த்தை மாறல ஐயா.”

அவையோரே! இந்த மையத்தின் விதி என்ன? ஒரு வழக்கத்தை ஏட்டில் ஏற்ற வேண்டுமானால் இருவரைத் தனித்தனியே கேட்க வேண்டும். இருவரும் ஒன்றே சொன்னால் அது உண்மை. என்ன அருமையான விதி! தேநீரின் சூட்டில் ஒத்துப்போகாத நாங்கள், சன்னல் திறப்பதா மூடுவதா என்பதில் ஒத்துப்போகாத நாங்கள், ஒன்பதாண்டில் ஒரே ஒரு முறை, கலந்து பேசாமலே, கண்ணாலும் காட்டிக்கொள்ளாமலே, ஒரே பொய்யை ஒரே சொற்களில் சொன்னோம். ஏன்? விருந்தாளி முன் என் அக்காவை நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் அக்காவும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. அதை நான் எட்டு நாள் முன்புதான் அறிந்தேன். வேறொரு நாட்டவரின் குறிப்பேட்டைப் படித்து அறிந்தேன்.

யார் தட்டுவது கை? தையற்பள்ளியா? இன்னும் முடியவில்லை, பெண்களே. சற்றுப் பொறுங்கள்.

ஆய்வாளரைக் கேட்டேன்: “இப்ப என்னம்மா செய்யப் போறே?”

“தப்புன்னு தெரிஞ்சும் பாடமா விடமுடியாது ஐயா. நீங்க ரெண்டு பேரும் திருத்தச் சீட்டுல கையெழுத்துப் போட்டா சரி பண்ணி எழுதுவேன். இல்லன்னா அந்த இயலையே எடுத்துடுவேன்.”

“எடுத்துட்டா?”

“ஆய்வு ஒரு வருஷம் தள்ளிப் போகும். டிசம்பர்ல வந்துடறேன்னு எங்க அப்பாகிட்ட சொல்லியிருக்கேன். ரெண்டு வருஷமா பார்க்கல.”

சீட்டில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். நான் ‘குடும்பக் காரணம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“மறுபடியும் மறைக்கிறீங்க, ஐயா.”

சாட்டையடி! புதுச் சீட்டு வாங்கி, முழுக் காரணத்தையும் எழுதி, வீட்டுக்குக் கொண்டுபோய் மருமகளிடம் கொடுத்தேன். அக்காவின் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. உடன் வந்த செய்தி, இம்முறை செம்மைப்படுத்தாமல்:

“மாமா, அத்தை சொல்றாங்க, எல்லாம் சரியா எழுதியிருக்காம். பேப்பர்ல வர்ற செய்தி மாதிரி இருக்காம். கையெழுத்து வேணும்னா அவனுக்கு வாய் இருக்குல்ல, வந்து கேட்கச் சொல்லுன்னாங்க.”

அன்று முதல் எட்டு நாள் முயன்றேன். காலையில் மேசைக்கு வருவேன். நாக்கு எழும், கண் கடிகாரத்துக்கு ஓடிவிடும். ‘மணி ஏழு பத்து’ என்பேன். பழக்கம், ஐயா, பழக்கம்! பிணக்கு செத்துப் பல காலம் ஆகிவிட்டது. பழக்கம்தான் வீட்டில் உலவிக்கொண்டிருந்தது.

அதனால் கேட்கிறேன், இந்த அவையைக் கேட்கிறேன். ஒரு நாட்டு மக்களை அறிவது என்றால் என்ன? அவர்கள் எப்படி வணங்குகிறார்கள், எப்படி அமர்கிறார்கள் என்று அட்டவணை போடுவதா? அட்டவணை வேண்டும், அதில் எனக்குத் தீராக் காதல் உண்டு. ஆனால் நான் யார்? ஒருவரின் பிறந்த நாழிகையை அறிந்து, அவர் மனத்தை அறியாதவன். கண்டதெல்லாம் சரி, கருதியது தவறு என்று ஆய்வாளருக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன தகுதி? அவர் மாடியறையைக் காலி செய்யும்வரை பத்து மாதம் இருபத்திரண்டு நாள் எங்களோடு இருந்து, கேட்க வேண்டியதைக் கேட்டார். கூடப் பிறந்த நான் கேட்டேனா? கூட இருந்து கேட்டேனா? கூப்பிடு தொலைவில் இருந்து கேட்டேனா? விருந்தினருக்கு நாம் எதைக் காட்டுகிறோம், எதை மறைக்கிறோம்? துடைத்த நாற்காலியைக் காட்டுகிறோம். உடைந்த உறவை உள்ளறையில் வைத்துப் பூட்டுகிறோம். பிறகு அவர்கள் நம்மைத் தவறாக எழுதினார்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறோம்! எங்கள் வெட்கத்தை எங்கள் வாயால் நாங்கள் சொல்லாதவரை, எந்த மையமும், எந்த மாநாடும், எந்த மேதையும் எங்களைப் புரிந்துகொள்ள முடியாது. முடியவே முடியாது!

இயக்குநர் மணியைப் பார்க்கிறார். 5.41. நானும் பார்த்தேன். நான் கடிகாரத்தைப் பார்ப்பது இதுவே கடைசி.

அக்கா.

உன்னைத்தான். நான் சொன்ன தேதி சரி. சொன்னது தவறு. உன் பிள்ளைகள் முன்னால் உன்னைத் தலைகுனிய வைத்தேன். சரியாக இருப்பதே போதும் என்று இத்தனை காலம் இருந்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு. கையெழுத்துப் போடு, போடாதே, அது உன் விருப்பம். ஆனால் என்னோடு பேசு.

அவையோரே, அக்கா எழுந்து, அருகிலிருக்கும் என் மருமகளின் தோளில் கை வைத்து நிற்கிறார். ஏதோ சொல்கிறார். பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? ஒலிவாங்கி இல்லாதவர் சொல்வதை நானே எடுத்துச் சொல்கிறேன், ஒரு சொல்லும் மாற்றாமல். “மன்னிப்பு இருக்கட்டும். நாம ரெண்டு பேரும் வீம்பு பிடிச்சோம், நடுவுல இந்தப் பொண்ணு தேய்ஞ்சு போயிட்டா. முதல்ல இவகிட்ட கேளு. நானும் கேட்கிறேன்.”

என்னிடம் சொன்னார். என்னைப் பார்த்துச் சொன்னார்!

மருமகளே, எழுந்திரும்மா. கூச்சப்படாதே. நாங்கள் இருவரும் உன்னிடம்... என்ன? என்ன சொல்கிறாய்? அவையோரே, என் மருமகள் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள். “மாமா, அத்தை, மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இத்தனை வருஷமா நான் கொண்டுவந்த செய்தியில நல்லதா இருந்ததெல்லாம் பாதிக்குப் பாதி நானா சேர்த்தது. எது எதுன்னு மட்டும் கேட்காதீங்க.”

தூணருகே நிற்கும் ஆய்வாளரே! குறிப்பேட்டை மூடிவிடாதீர்கள். உங்கள் நான்காம் இயலின் நாயகி நானுமல்ல, அக்காவுமல்ல, நடுவில் நின்ற இவள். எழுதுங்கள். எங்களைக் கேட்டு எழுதுங்கள். இனி மறைக்க எங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை, அந்த ஓர் எண்ணைத் தவிர.

அக்கா கை நீட்டுகிறார். சீட்டைக் கேட்கிறார். பேனா? பேனா யாரிடமாவது இருக்கிறதா? என்னுடையதில் மை தீர்ந்துவிட்டது. இயக்குநரே, உங்கள் பேனாவைக் கொடுங்கள்.

ஏழு நிமிடம் கொடுத்தீர்கள்; மும்மடங்குக்கு மேல் எடுத்துக்கொண்டேன். பொறுத்த தலைவருக்கும், சிரித்த அவைக்கும், அழுத தையற்பள்ளிக்கும், அமைதியாக அமர்ந்த அந்தப் பின்வரிசைப் பெரியவருக்கும் என் நன்றி. இருகரம் கூப்பி, இறங்கி, என் அக்காவின் பக்கத்து நாற்காலிக்குப் போகிறேன்.

வணக்கம்.

மைய இயக்குநர் அவர்களுக்கு நான் அனுப்பும் இணைப்புகள்:

அ. மேற்கண்ட உரையின் படி, ஒன்று.
ஆ. நான்காம் இயலுக்கான திருத்தச் சீட்டு, ஒரு தாள். காரணம் முழுமையாக எழுதப்பட்டது. கையெழுத்து இரண்டு. நேரம்: மாலை 5 மணி 49 நிமிடம்.
இ. அக்கா தம் கையால் சீட்டின் பின்புறம் எழுதிய ஒரு வரி: ‘நோட்டுப்பொண்ணு டிசம்பரில் ஊருக்குப் போகட்டும்.’
ஈ. தங்களுடைய பேனா, ஒன்று. தவறுதலாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.